கதவு வளையத்தில் நான்கு பொட்டு

ஒரு குங்குமப் பொட்டு உலோகத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும்? பொறியியல் படித்த நான்கு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் தர ஆய்வாளராக வேலை பார்த்த இருபத்தொன்பது ஆண்டுகளில் ஒரே ஒரு முறை, ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த ஒரு திங்கட்கிழமை காலையில், அது என் முன்னால் வந்து நின்றது. விடையை மைக்ரான் கணக்கில் எங்களால் அளக்க முடிந்தது. அதை வெளியே சொன்னால் யாருடைய பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் யாருடைய உயிர் போகும் என்பதை அளக்கும் கருவி மட்டும் எங்கள் ஆய்வு அறையில் இல்லை.

சென்ற மாதம் காட்டாங்குளத்தூரில் கல்லூரி மாணவர்கள் சிலரிடம் பேசப் போயிருந்தேன். விண்வெளி நிலையம் கட்டுவதில் மிகவும் கடினமான பகுதி எது என்று ஒரு மாணவி கேட்டாள். கதவு என்றேன். அரங்கம் சிரித்தது. நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்று விளக்குவதற்குள் மணியடித்துவிட்டது. சொல்ல நினைத்து விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

விண்வெளிக்குப் போய்வருவது ஒன்று. அங்கே குடித்தனம் நடத்துவது வேறொன்று. சில நாள்களில் திரும்பிவிடும் கலத்தில் காற்று சற்றே கசிந்தாலும், கையிருப்பைக் கொண்டு சமாளித்துவிடலாம். ஆண்டுக்கணக்கில் ஆட்கள் மாறி மாறி வாழப்போகும் வீட்டில் அது நடக்காது. அங்கே மூச்சில் வெளியேறும் ஈரத்தைக்கூடப் பிடித்துக் குடிநீராக்குகிறார்கள். வியர்வையை வீணாக்காத வீட்டில் காற்றை வீணாக்க முடியுமா? அந்த வீட்டை ஒரே துண்டாக மேலே அனுப்பவும் முடியாது. அறை அறையாக அனுப்பி, ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். ஒவ்வொரு பொருத்துவாயிலிலும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவைச் சுற்றியும் ஒரு வளையம். கதவில் பதிந்திருக்கும் இரண்டு ரப்பர் வளையங்கள், ஒன்று உள்ளேயும் ஒன்று வெளியேயுமாக, அந்த உலோக வளையத்தின் அகலமான முகத்தில் வந்து அமர்ந்து அழுந்தும். ஒன்று தோற்றால் மற்றொன்று தாங்கும். ரப்பர் அமரும் அந்த முகத்தை இங்கே அமர்முகம் என்று சொல்லிக்கொள்கிறேன். அதில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது. உள்ளே தூங்குகிறவருக்கும் வெளியே உள்ள வெறுமைக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.

அப்படியொரு வளையத்தைச் செய்யும் பணி எங்கள் சிறிய ஆலைக்கு வந்தது. முதலில் தரையில் சோதிப்பதற்கான மாதிரிக்கு. எல்லாச் சோதனைகளிலும் தேறினால் அதுவே மேலே போகும் வரிசையிலும் வைக்கப்படும் என்று வரைபடத்தின் குறிப்பு சொன்னது. கூரை ஒழுகும் காலத்தில் வாளி வைத்து வேலை பார்த்த இடம் எங்களுடையது. அந்தக் குறிப்பை நான் மூன்று முறை படித்தேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஆலைப் பேருந்தில் வந்து, முதல் மூன்று மாதம் வெட்டிய உலோகத்தின் ஓரங்களில் பிசிறு தேய்த்தேன். அடுத்த ஆறு மாதம் பண்டக அறையில் போல்ட்டுகளை வகை பிரித்தேன். அதன்பிறகு சபாபதி சாரிடம் வந்து சேர்ந்தேன். மீதியெல்லாம் அவரிடம் கற்றதுதான்.

சபாபதி சார் எங்கள் தரப் பிரிவின் தலைவர். ஓய்வு வயதைக் கடந்த பிறகும் முதலாளி அவரை விடவில்லை. ஆய்வு அறைக்குள் நுழையும்முன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடுவார். கைகளை முழங்கை வரை கழுவுவார். பிறகு வரைபடத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாய்விட்டு வாசிப்பார். நூறாவது முறை செய்யும் பொருளானாலும் வாசிப்பு உண்டு. அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது, தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்ம வேண்டும்.

முக்கியமான அளவை மூன்று பேர் தனித்தனியாக எடுக்க வேண்டும் என்பது அவருடைய விதி. அவரவர் அளவைத் தாளில் எழுதி, மடித்து, மேசையில் வைக்க வேண்டும். மூன்றையும் அவர் ஒன்றாகப் பிரிப்பார். மூன்றும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால் அவருக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். "மூணு பேரும் ஒரே மாதிரி எழுதினா, ரெண்டு பேர் அளக்கலைன்னு அர்த்தம்" என்பார். மறுபடி அளக்கச் சொல்வார். தவறு நேர்ந்தால் யார் செய்தது என்று அவர் முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை. என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, அதற்கு முன்னால் என்ன நடந்தது, இவைதாம் அவருடைய கேள்விகள். பெயர் தானாக வெளியே வரும், அதற்கு அவசரமில்லை என்பது அவர் கட்சி.

வளையத்தைக் கடைந்தவர் கன்னியப்பன் அண்ணா. அந்தப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பம். ஆலை நிற்கும் இடத்துக்கு நாலு தெரு தள்ளி அவர்களுக்கு நெல் வயல் இருந்ததாம். பெரிய லேத்தில் அமர்முகத்தின் கடைசி வெட்டை எடுத்த அன்று அவர் மதிய உணவைத் தொடவில்லை. பாதியில் நிறுத்தினால் உலோகம் ஆறிச் சுருங்கி, முகத்தில் ஒரு படி விழுந்துவிடும். முடித்துவிட்டு வெளியே வந்து, "குழந்தை பொறந்துச்சு மேடம், சுகப்பிரசவம்" என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் தூங்கினார்.

வளையம் ஆய்வு அறைக்கு வந்தது. கருங்கல் மேசையில் மூன்று தாங்கிகளின்மேல், அமர்முகம் மேல்நோக்கி, வெள்ளைத் துணி மூடிக் கிடந்தது. மேற்பூச்சுக்கு அனுப்பும்முன் ஒரு கசிவுச் சோதனை நடத்த வேண்டும். அதை விடுமுறைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை பிற்பகல் ஆயுத பூஜை. தொழிற்பேட்டையில் அன்று எந்தத் தெருவில் நடந்தாலும் பொரியும் பூசணிக்காயும் வாழைக்கன்றும்தான். லேத், துளையிடும் இயந்திரம், ஸ்பானர், துடைப்பம், முதலாளியின் கார் என எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை விஜயதசமி முடியும்வரை யாரும் தொடக்கூடாது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்விடுவோம்.

அன்று சபாபதி சார் வரவில்லை. வீட்டில் யாருக்கோ உடல்நலமில்லை. ஆய்வு அறையின் பொறுப்பு என்னுடையது. தட்டோடு வந்தவர் எல்லம்மா அக்கா. எட்டு ஆண்டுகளாக அந்த அறையைத் துடைத்துவந்தவர், ஒப்பந்தக்காரரின் ஆள். குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்து வருவார். நுண்ணோக்கி, அளவுகோல்கள், மேசை விளக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர் வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றார்.

"இதுக்கும் வெக்கட்டுமாம்மா? மேல போறது இதானே. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத்த வுட்டா நல்லாவா கீது?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூஜை புனஸ்காரங்களில் எனக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் ஆறு மாதம் கன்னியப்பன் அண்ணா அதற்காகப் பட்ட பாட்டையும், எல்லம்மா அக்கா தினமும் அதைச் சுற்றி மூச்சடக்கித் துடைத்ததையும் பார்த்தவள் நான். பொட்டு என்பது ஒரு பொடி. திங்கட்கிழமை கரைப்பானைத் தொட்டுத் துடைத்தால் போய்விடும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். விளிம்பில் வைப்பார் என்றும் நானாகவே நினைத்துக்கொண்டேன். "வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பொரி வாங்க வெளியே போனேன். என் பணிக்காலத்தில் நான் கொடுத்த அனுமதிகளில் கையெழுத்தில்லாத அனுமதி அது ஒன்றுதான்.

அந்த மூன்று நாளும் மழை. திங்கட்கிழமை காலை நான்தான் முதலில் அறையைத் திறந்தேன். துணியை எடுத்தேன். அமர்முகத்தில், நான்கு திசைக்கு ஒன்றாக, நான்கு பொட்டு. சந்தனம் காயாமல் பிசுபிசுத்திருந்தது. கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தேன். சிவப்பு போயிற்று, மஞ்சள் போயிற்று. வெளிறிய நான்கு நிழல்கள் மட்டும் போகவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்தது. நேராகப் பிடித்தால் தெரியவில்லை. கரைப்பான் காய்ந்த தடமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவள் சொல்லிக்கொள்ளத் தகுந்த சமாதானமா அது? விளக்கை நேராக வைத்தேன்.

அன்றே சோதனை. விண்வெளி மையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். இரட்டை ரப்பர் வளையங்கள் பதித்த மூடியை வளையத்தின்மேல் பொருத்தி, உள்ளே ஹீலியத்தை நிரப்பி, இரண்டு ரப்பர்களுக்கும் இடைப்பட்ட இடைவெளியிலிருந்து ஒரு குழாயைக் கசிவறியும் கருவிக்குக் கொடுத்தோம். ஹீலியம் மிக நுண்ணிய வாயு. காற்று நுழையாத வழியிலும் நுழையும். அது எட்டிப் பார்த்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மணி நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம். எண் வரம்புக்கு வெகு கீழேயே நின்றது. அதிகாரி தலையசைத்தார். முதலாளி மைசூர்பாகு வரவழைத்தார். கன்னியப்பன் அண்ணா என் கையில் ஒரு துண்டைத் திணித்தார். அதைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாஸான பொருள். அதைப் பற்றி இனி யார் என்ன கேட்கப்போகிறார்கள்? நான் வாயைத் திறந்தால் வளையம் நிராகரிக்கப்படலாம். ஆறு மாத உழைப்பு போகும். இந்தப் பணியே வேறிடத்துக்குப் போய்விடலாம். அதற்கெல்லாம் முன்பாக, எல்லம்மா அக்காவை அன்று மாலையே அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளியை அனுப்ப ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அவர் சம்பளத்தில்தான் அவருடைய மகள் செவிலியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவரைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதில் என்னைக் காப்பாற்றுவது எவ்வளவு பங்கு என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை பேருந்து பல்லாவரம் தாண்டி நெரிசலில் நின்றது. வழக்கமாக ஷேர் ஆட்டோவில் வரும் எல்லம்மா அக்கா அன்று மகளின் கல்லூரிக்குப் போய்விட்டு எங்கள் பேருந்தில் ஏறியிருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிடுச்சாமே. கன்னியப்பன் சொல்லிச்சு. நம்ம பொட்டு வேல செஞ்சிச்சு பாத்தியாம்மா? எம் பொண்ணுகிட்ட சொன்னேன், மேல போய்க் குடியிருக்கறவங்களுக்கு நம்ம வூட்டுக் குங்குமமும் தொணையாப் போவுதுன்னு. சிரிக்கிறா அவ."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அது போகத்தான் போகிறது. அதன்மேல் ரப்பர் அமரும். அந்த ரப்பரை நம்பி யாரோ ஒருவர் உள்ளே கண்ணயர்வார். அவருக்கு எங்கள் பெயர் தெரியாது, திருமுடிவாக்கம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. பேருந்திலிருந்து இறங்கி நேராகச் சபாபதி சாரின் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் இடைமறிக்கவில்லை. முடித்ததும், "மொதல்ல உக்காரும்மா" என்று காபி வரவழைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை மேசைமேல் இருந்த வேறு ஏதோ தாளைப் படித்தார். பிறகு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வளையத்தின் நான்கு இடங்களிலும், மேடுபள்ளத்தைக் காட்டும் மேற்பரப்பு அளவியை ஓட்டினோம். வழக்கம்போல் மூவர்: அவர், நான், கன்னியப்பன் அண்ணா. சீட்டுகளைப் பிரித்தார். என்னுடையதில் நான்கு மைக்ரான் பள்ளம். அவருடையதில் நான்கரை. கன்னியப்பன் அண்ணாவின் சீட்டில் "ஒண்ணுமில்ல" என்று எழுதியிருந்தது.

சபாபதி சார் அந்தச் சீட்டை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "கண்ணாடி போட்டுக்கிட்டு எழுது கன்னியப்பா."

"போட்டுக்கினுதான் சார் பாத்தேன். கண்ணு பாக்குது, கை எழுத மாட்டேங்குது."

இரண்டாம் சீட்டில் நான்கு என்று எழுதினார். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அதன்பிறகு அவர் என்னைப் பார்க்காமல் வெளியே போனார். நாற்பது நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு பொடி எப்படி உலோகத்தை அரித்தது என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. எல்லம்மா அக்காவை வரவழைத்தோம். வாசற்படியிலேயே நின்றார். சபாபதி சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்ன பிறகும் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். அந்த இடத்தில் ஏன் பொட்டு வைத்தீர்கள் என்று சார் மெதுவாகக் கேட்டார்.

"நெத்தி எதுன்னு பாத்துதான் சார் வெச்சேன். ஓரத்துலயா வெப்பாங்க? பளபளன்னு அகலமா கீறதுதானே நெத்தி?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வட்டமான ஒரு பொருளுக்கு முகம் தேடியவர், நாங்கள் வரைபடத்தில் சிவப்பு மையால் சுழித்துவைத்த அதே பரப்பைத்தான் கண்டுபிடித்திருந்தார். குங்குமம் எங்கே வாங்கியது என்று கேட்டோம். கடையில் வாங்கவில்லை, கடைக் குங்குமம் சாயம், நெற்றி அரிக்கும் என்றார். வீட்டிலேயே மஞ்சளை இடித்து, சுண்ணாம்பு கலந்து, எலுமிச்சை பிழிந்து, நிழலில் உலர்த்திச் செய்வாராம். சுண்ணாம்பு என்றதும் சபாபதி சார் என்னைப் பார்த்தார். பூச்சு இல்லாத அலுமினியம், ஈரச் சந்தனம், மூன்று நாள் மழை, ஏசி அணைந்து கிடந்த அறை. மேலே இயல்பாகப் படியும் மெல்லிய காப்பைச் சுண்ணாம்பு தின்றுவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறது.

அந்த வளையம் அலுமினியம் என்று அவர் எல்லம்மா அக்காவிடம் சொன்னார். அக்காவின் முகம் மாறியது.

"அலுமினியமா? நான் ஸ்டீலுன்னுல்ல நெனச்சேன். வூட்டுக்கு வெள்ளையடிக்கசொல்ல அலுமினிய குண்டான்ல சுண்ணாம்பு கலக்கினா பொங்கிகினு கருத்துப் பூடும் சார், எனக்கே தெரியும். அலுமினியம்னு ஒரு வார்த்த சொல்லிகீலாமேம்மா. நான் கிட்டவே போயிருக்க மாட்டேனே."

உலோகம் என்னவென்று எனக்குத் தெரியும். குங்குமத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. குங்குமத்தில் இருப்பதும், அது அலுமினியத்தை என்ன செய்யும் என்பதும் எல்லம்மா அக்காவுக்குத் தெரியும்; உலோகம் என்னவென்று தெரியாது. எட்டு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்திருக்கிறோம். அறைச் சுவரில் எச்சரிக்கைப் பலகைகள் ஐந்து தொங்கின. ஐந்தும் ஆங்கிலத்தில்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற கட்டத்தில், துப்புரவுப் பணியாளரின் அறியாமை என்று எழுதினேன். அது அவரைக் காப்பாற்றும் என்றுதான் உண்மையிலேயே நினைத்தேன். தெரியாமல் செய்தவரைத் தண்டிக்க மாட்டார்கள் அல்லவா? சபாபதி சார் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"அறியாமைன்னு எழுதிருக்க. யாரோடது? எட்டு வருஷமா இந்த ரூமைத் தொடைக்கிறாங்க. எந்த மொகத்தைத் தொடக்கூடாதுன்னு நீ சொன்னியா? நான் சொன்னேனா? தரைக்கு எந்த பினாயில்னு மட்டும் சொன்னோம்."

திருத்தி எழுதினேன். பொட்டு வைக்க ஆய்வாளர் வாய்மொழியாக அனுமதித்தார். நிழல் தெரிந்த பிறகும் சோதனைக்கு முன் தெரிவிக்கவில்லை. அறையில் பணியாற்றுபவருக்கு வளையத்தின் உலோகமும் அமர்முகமும் பற்றி எவரும் சொல்லித்தரவில்லை. மூன்று வரி. கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே, நான் கேட்காமலேயே, அவருடைய கையெழுத்து.

முதலாளி கோபக்காரர் அல்லர், அன்று கோபப்பட்டார். அது நியாயமான கோபம். பாஸான பொருளைத் தோற்கடிக்க ஒருத்தி எதற்கு என்று கேட்டார். பிறகு, எல்லம்மா அக்காவை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம், யாராவது ஒருவர் போனால்தான் மையத்துக்குக் காட்ட ஒரு நடவடிக்கை இருக்கும் என்றார். சபாபதி சார் குரலை உயர்த்தவில்லை.

"யாராவது ஒருத்தர்னா, கையெழுத்து போட்டவங்க ரெண்டு பேர் இருக்கோம். அந்தம்மா எதுலயும் கையெழுத்து போடலையே சார்."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லம்மா அக்காவை அனுப்பவில்லை. என்னுடைய இறுதிக் கையெழுத்து அதிகாரம் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. அது எனக்குப் பாரமாக இல்லை என்று சொன்னால் பொய், இருந்தது. அந்த ஆறு மாதமும் என்னைவிடப் பதினைந்து வயது இளைய ஒருவர் என் அளவுகளைச் சரிபார்த்தார்.

மையத்து அதிகாரி மறுபடி வந்தார். வளையத்தைச் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி வைத்து மீண்டும் சோதிக்கச் சொன்னார். மேலே வெயில் படும் பக்கமும் நிழல் பக்கமும் அப்படித்தான் மாறிக்கொண்டே இருக்கும். பதினோரு நாள் நடந்தது. மூன்று பொட்டு இருந்த இடங்களில் ஒன்றும் ஆகவில்லை. நான்காவது இடத்தில் கசிவு மெல்ல ஏறிற்று. ஆனால் வரம்பைத் தாண்டவில்லை. ஆண்டுகள் போனால் தாண்டியிருக்குமா, அப்படியே நின்றிருக்குமா? எங்களில் எவராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாது என்ற அந்த ஒரு காரணத்துக்காகவே வளையம் நிராகரிக்கப்பட்டது. நான் ஒரு விபத்தைத் தடுத்தேனா, நல்ல பொருள் ஒன்றை வீணாக்கினேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. புறப்படும்போது அதிகாரி என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "ஒரு நாள் தாமதமாச் சொல்லிருக்கீங்க மேடம்." பாராட்டை எதிர்பார்த்து நின்ற எனக்கு அது சுட்டது. ஆனால் அவர் சொன்ன அளவு சரியாகத்தான் இருந்தது.

கன்னியப்பன் அண்ணா இரண்டாம் வளையத்தைக் கடைந்தார். முதல் வளையத்துக்காகச் செய்த பிடிப்புகளும் வழிமுறையும் கையில் இருந்ததால் இதற்கு ஆறு மாதம் தேவைப்படவில்லை. நாற்பதாம் நாள் கடைசி வெட்டு. முடித்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"ரெண்டாவது பொறந்துகீது மேடம். பாத்துக்கோங்க. இதுக்கு மொட்டையும் வேணாம், காது குத்தும் வேணாம்."

அறையில் இருந்த அனைவரும் சிரித்தோம். தரை துடைத்துக்கொண்டிருந்த எல்லம்மா அக்காதான் அதிகம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, இதுவும் அலுமினியம்தானே என்று கன்னியப்பன் அண்ணாவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். அந்த வளையம் தேறியது. மேற்பூச்சுக்குப் போய்வந்த பிறகும் தேறியது. சபாபதி சார் அடுத்த ஆண்டு ஓய்வு பெற்று மேடவாக்கத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்முன் எவர்சில்வர் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டார். அதை எங்களுக்கு விட்டுப்போவார் என்று எதிர்பார்த்து ஏமாந்தோம். அதில்தான் இப்போது மாத்திரை வைத்திருக்கிறாராம்.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எங்கள் ஆலையில் மாறியவை இவை. ஆயுத பூஜையன்று ஆய்வு அறையின் வெளிக்கதவுக்கு மட்டும் பொட்டு வைக்கிறார்கள். உள்ளே எதற்கும் இல்லை. எச்சரிக்கைப் பலகைகள் தமிழில் இருக்கின்றன. என்ன செய்யக்கூடாது என்பதோடு ஏன் என்பதும் அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. எல்லம்மா அக்காவை ஒப்பந்தக்காரரின் பட்டியலிலிருந்து ஆலையின் பட்டியலுக்கு மாற்ற நாங்கள் மூன்று முறை எழுதிக் கேட்டோம்; அது மட்டும் நடக்கவில்லை. அந்த அறையில் வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், பொறியாளரானாலும் துப்புரவுப் பணியாளரானாலும், முதல் நாள் அரை மணி நேரம் வகுப்பு நடக்கிறது: எந்தப் பொருள் என்ன உலோகம், அதன் எந்த முகம் எதற்கு, எதை அதன் அருகே கொண்டுவரக்கூடாது. அந்த வகுப்பை எடுப்பவர் எல்லம்மா அக்கா.